அந்த வண்டியின் சத்தம் எனக்குக் கேட்டது

கேட்டது. நன்றாகவே கேட்டது.

ஆறுச்சாமி அண்ணனின் மோட்டார் சைக்கிள் என் வேனுக்குப் பின்னால் வந்த சத்தம் என் காதில் விழுந்தது. அது அவருடைய வண்டிதான் என்பதும் தெரிந்தது. தெரிந்துதான் கதவைத் திறந்தேன். அவர் விழுந்தார். "சத்தமே இல்லாமல் வந்தார்" என்று பிறகு சொன்னேன். என்னைக் கேட்ட எல்லோரிடமும் சொன்னேன். அவரிடமும் சொன்னேன்!

இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அழகாகச் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. நாங்கள் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா வேலை பார்த்த எஸ்டேட் மூடிக்கிடந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் கூரை மட்டும் மிச்சம். குன்னூருக்குக் கீழே, பச்சை இலையை வாங்கித் தூளாக்கும் ஒரு சின்ன ஃபேக்டரியில் எனக்கு இலை வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. பிக்கட்டிப் பக்கம் போய், தோட்டக்காரர்கள் ரோட்டோரம் வைத்திருக்கும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான். கஷ்டம் என்றால் கஷ்டம்தான். ஆனால் அன்று மலையில் யாருக்குத்தான் கஷ்டம் இல்லை?

ஆறுச்சாமி அண்ணன் அந்த ஃபேக்டரியின் டீ மேக்கர், இலையின் பக்குவம் பார்ப்பவர். அன்னூர்க்காரர். அரைத்த இலையைத் தரையில் விரித்துப் போட்டிருக்கும்போது அவர் சும்மா குறுக்கும் நெடுக்கும் நடப்பார், பேசிக்கொண்டே, யாரையாவது கிண்டல் செய்துகொண்டே. திடீரென்று நின்று மூக்கைத் தூக்குவார். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வரும் நேரம் அது. "வந்துருச்சு... அள்ளுங்கடா!" என்பார். உடனே அள்ளி அடுப்புக்கு அனுப்ப வேண்டும். எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

"உன்ற மூக்கு மூஞ்சிக்கு அழகுக்கு வெச்சதுடா மணி" என்பார்.

அவர் வண்டி பழைய டூ-ஸ்ட்ரோக். சைலன்சர் விரிசல் விட்டு, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போலச் சத்தம் போடும். "மாத்துங்கண்ணே, ஊரே காதைப் பொத்துது" என்றால், "இதுதான்டா எனக்கு ஹாரன்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஊட்டிக்குப் போவேன். காரணம் ஒன்றும் இருக்காது. மார்க்கெட்டில் சூடாக வர்க்கி வாங்கி, இரண்டு பேரும் தின்றபடி நிற்போம். சட்டையெல்லாம் தூள் உதிரும். திரும்பும்போது இறக்கம். அந்தக் காலத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க மலையில் எல்லோரும் செய்ததை நாங்களும் செய்வோம். இன்ஜினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் விட்டுவிடுவோம்.

அடடா... அந்த அமைதி! அத்தனை நேரம் கத்திய வண்டி திடீரென்று ஊமையாகிவிடும். காற்று மட்டும் காதில் இரையும். யூகலிப்டஸ் வாசம் ஒரு வளைவில், ஈர மண் வாசம் அடுத்த வளைவில். "இது என்ன வாசம் சொல்லு?" என்று அவர் கேட்பார். எனக்குத் தெரிந்தாலும் தப்பாகச் சொல்வேன். அவர் சிரிப்பது எனக்குப் பிடிக்கும். அப்பா இருந்திருந்தால் இப்படிச் சிரித்திருப்பாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

அவருக்கு மகள் பிறந்ததோடு அது நின்றது. அப்படி இன்ஜினை அணைத்து இறங்கிய ஒருவன் பர்லியார் வளைவில் பிரேக் பிடிக்காமல் போய்ச் செத்தான். சரசு அக்கா, அவர் மனைவி, புருஷனை நிற்க வைத்து, குழந்தையின் தலையில் கையை வைக்கச் சொன்னாள். இனிமேல் இன்ஜினை அணைத்து இறங்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். நானும் அங்கேதான் இருந்தேன். குழந்தை அவர் சுண்டுவிரலைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவர் ஒருநாளும் அணைத்ததில்லை. நான் கெஞ்சியும் பார்த்தேன். "போடா, சத்தியம்னா சத்தியம்தான்" என்றார்.

முதலாளியும் கண்டித்துச் சொல்லியிருந்தார்: "இன்ஜினை அணைச்சு எறங்கறவனுக்கு என்ற ஃபேக்டரில வேலை இல்லை." டீசலைச் சுருக்கிக் கொடுப்பவரும் அவர்தான், அதனால் நாங்கள் ரகசியமாக அணைப்போம். நான் அணைப்பேன். அண்ணன் மாட்டார்.

அன்றைய நாளுக்கு வருகிறேன்.

பிக்கட்டியில் இலை ஏற்றவே தாமதமாகிவிட்டது. மூட்டைகளை அடைத்து ஏற்றியிருந்தேன். பச்சை இலையை அப்படி நெருக்கி அடைத்தால் உள்ளே சூடேறும், சூடேறினால் சிவந்துபோகும், சிவந்த இலையை யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் இலை வண்டிக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி எங்கே நின்றாலும் குதித்து இறங்கிப் பின்னால் ஓடுவான். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பான். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பதுபோல.

அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு லோடு சிவந்துவிட்டது. "இன்னொருக்கா இப்படிக் கொண்டாந்தீன்னா சாவியை வெச்சுட்டுப் போயிரு" என்று முதலாளி சொல்லியிருந்தார். அம்மா வீட்டில் இருந்தாள். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

குன்னூரில் ரயில் கேட் போட்டிருந்தார்கள். பஸ், ஜீப், டாக்சி என்று இறக்கம் முழுக்க வரிசை. எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். இலை வெந்துகொண்டிருக்கும், இறங்கிப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஒரே நினைப்பு.

அப்போதுதான் அது கேட்டது. தகர டப்பாவில் கல்... வரிசையை ஒட்டி வலப்பக்கமாக, பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

அண்ணன் காலையில் ஊட்டிக்குப் போயிருந்தார். என் லோடு வந்து சேரும் நேரத்துக்கு ஃபேக்டரியில் இருக்க வேண்டும் என்றுதான் திரும்பிக்கொண்டிருந்தார். என் இலைக்காக!

கேட்டும் நான் ஏன் கதவைத் திறந்தேன்? இத்தனை வருடங்களாக இதைத்தான் என்னையே கேட்கிறேன். கோபமா? இல்லை. பகையா? அவரிடமா! ஒன்றுமே இல்லை. அண்ணன்தானே, விலகிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒருவனின் வண்டியாக இருந்திருந்தால் நான் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்...

கதவின் விளிம்பு அவர் வண்டியின் கைப்பிடியில் இடித்தது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எனக்கு முன்னால் நின்றிருந்த பஸ்ஸின் சக்கரத்தில் அவர் தலை மோதியது. அதே நொடியில் மலை ரயில் கூவிக்கொண்டு கேட்டைக் கடந்தது. எல்லோர் கண்ணும் அந்தப் பக்கம் இருந்தது.

நான் இறங்கி ஓடினேன். வண்டி படுத்தபடியே கத்திக்கொண்டிருந்தது. குனிந்து சாவியைத் திருப்பி அணைத்தேன். அதன் பிறகுதான் அவரைத் தூக்கினேன். பெட்ரோல் கொட்டி எரிந்துவிடக் கூடாது என்றுதான் அணைத்தேன். அதுவரை நான் யோக்கியன்தான். இதை மட்டும் நம்புங்கள்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்தார். "கதவைத் தொறக்கறதுக்கு முன்னாடி பின்னாடி பார்க்கமாட்டியா? கண்ணு எங்கய்யா இருந்துச்சு?"

வாய் தானாகப் பேசியது. "சத்தமே கேக்கலைங்க சார். இன்ஜினை அணைச்சுட்டு வந்திருக்காரு."

அவர் குனிந்து சாவியைப் பார்த்தார். அணைந்திருந்தது.

"இவனுக எல்லாம் நியூட்ரல்லதான் சார் வர்றானுக" என்றார் பக்கத்திலிருந்த டாக்சிக்காரர். "சொட்டுப் பெட்ரோலுக்கு உசுரைக் குடுப்பானுக!"

நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். பொய் எவ்வளவு சுலபமாகக் காலூன்றிவிட்டது, பார்த்தீர்களா?

ஆஸ்பத்திரியில் முதலாளி என்னைத் தனியே அழைத்தார். அவர் விவரமானவர். "ஏப்பா, ஆறுச்சாமி வண்டி வந்தா ஊருக்கே கேக்குமே. உனக்குக் கேக்கலையா?"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். ஓடிட்டு வந்திருந்தா கேட்டிருக்குமுங்களே!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். என் வேலை தப்பியது.

சரசு அக்கா குழந்தையை இடுப்பில் வைத்தபடி என்னிடம் வந்தாள். "அவரு அப்பிடி வரமாட்டாருங்க தம்பி. இவ தலையில கையை வெச்சுச் சொன்னாரு. நீங்களும் பார்த்தீங்கல்லொ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... முடியவில்லை. "எனக்குச் சத்தம் கேக்கலீங்கக்கா" என்றேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். திரும்பி வார்டுக்குள் போனாள்.

வீட்டுக்குப் போனேன். "கோச்சி கேட்டுலயா வுழுந்தாரு அந்த மனுசன்? ஒம் மேல பழி ஒண்ணும் இல்லையே?" என்றாள் அம்மா. ரயிலை நாங்கள் கோச்சி என்போம். இல்லை என்றேன். சோறு போட்டாள். தின்றேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன், பசித்தது, தின்றேன்.

அண்ணன் பிழைத்தார். ஆனால் இரண்டு போய்விட்டன. அன்றைய நாள் அவர் நினைவிலிருந்து போயிற்று. ஊட்டிக்குப் போனதே அவருக்கு ஞாபகம் இல்லை. அடுத்தது, மூக்கு. தலையில் பட்ட அடியில் வாசம் தெரியாமல் போய்விட்டது. அரைத்த இலையை அள்ளி முகத்தோடு அழுத்திக்கொண்டு அவர் நின்றதை நான் கதவோரமாகப் பார்த்தேன். கன்னமெல்லாம் பச்சை. யாரும் சிரிக்கவில்லை.

அவர் வேலை போயிற்று. தப்பு அவர் பேரில் இல்லை என்றிருந்தால் முதலாளி வேறு வேலையாவது கொடுத்து வைத்திருப்பார். அப்படித்தான் பின்னால் பேசிக்கொண்டார்கள். நானும் அதிக நாள் அங்கே இருக்கவில்லை. திருப்பூர், பாலக்காடு, ஆந்திரா பக்கம் போர்வெல் லாரி என்று சுற்றினேன். எங்கே போனாலும் இறக்கத்தில் ஒரு நியூட்ரல் வண்டி சத்தமில்லாமல் கடந்தால் என் கை தானாகக் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது ஊட்டியிலிருந்து கூடலூருக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறேன். போன வருடம் நடுவட்டத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். பாய்லருக்குப் பின்னால் அவர் நின்றார்!

"டேய் மணி! அந்த மூக்கு இன்னும் அப்படியேதான்டா இருக்குது!" என்று கத்தினார். கையைப் பிடித்து உட்கார வைத்தார். முடி நரைத்திருந்தது. சிரிப்பு நரைக்கவில்லை.

ஊர்க்கதையெல்லாம் பேசினோம். வர்க்கியைப் பற்றி, ஊமையாய் வண்டி இறங்கிய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி. நானும் சிரித்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு... பிறகு அவர் குரலைத் தணித்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கலைடா. சத்தியம் பண்ணிப்போட்டு எப்படிடா நான் அணைச்சேன்? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். என்ன அவசரம் எனக்கு? புள்ளைக்கு ஒரு காச்சல் வந்தாக்கூட உங்கக்கா என்னைய ஒரு பார்வை பார்ப்பாடா. வாயில ஒண்ணும் சொல்லமாட்டா."

இதோ, இப்போது. இதைவிட நல்ல நேரம் யாருக்கு வாய்க்கும்? 'நீங்கள் அணைக்கவில்லை அண்ணே' என்ற மூன்று வார்த்தைகள் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன...

அதற்குள் ஒரு வாடை வந்தது. பால் அடிப்பிடித்த வாடை. கடை முழுக்க அடித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசாமல் குடித்தார்கள். அவர் ஒன்றும் தெரியாமல் அந்தப் பாலிலேயே எனக்கும் டீ ஆற்றினார்.

"அண்ணே... பால் அடிப்பிடிச்சிருச்சு."

அவர் கை நின்றது. பாத்திரத்தைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். திரும்பி வந்து என் தோளைத் தட்டினார்.

"மத்தவனெல்லாம் மூக்கைப் பொத்திக் குடிச்சுட்டுப் போயிருவான். நீ ஒருத்தன்தான்டா உள்ளதைச் சொல்றே."

அதோடு என் நாக்கு செத்தது.

பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. இரட்டைச் சடையோடு ஒரு பெண் இறங்கி, "அப்பா, பசிக்குது" என்று வந்தாள். அன்று சுண்டுவிரலைச் சப்பிய குழந்தை. அவள் தலையில் பனித்துளி படிந்திருந்தது. துடைத்துவிடப் போகிறவர்போல அவர் கையை நீட்டினார். பாதியில் மடக்கிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அவர் அவள் தலையைத் தொடுவதில்லை. அதற்குப் பிறகு போனபோதெல்லாம் பார்த்துவிட்டேன்.

வாரத்துக்கு இரண்டு முறை அந்த வழியாகத்தான் போகிறேன். வளைவுக்கு முன்பே என் வண்டியின் சத்தம் அவருக்குத் தெரிந்துவிடும். "மணி வர்றான்" என்று சொல்லி, கரண்டியோடு வெளியே வந்து, ரோட்டோரம் ஒதுங்கி நின்று கையைத் தூக்குவார். சில நாள் நிறுத்துவேன். சில நாள் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போய்விடுவேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.