போனுக்கு மாற்றிய அன்னக்கூடை

என் வீட்டில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை இருக்கிறது. துவைத்த துணியைப் போட்டு வைக்கிறேன். ஒரு பக்கத்துக் காது போன வருஷமே உடைந்துவிட்டது. இதை வாங்கியதற்காக நான் கோர்ட்டில் கூண்டேறி நின்றேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் எங்கள் வீடு இன்னொரு வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. முன்வீடு என் கணவருடைய பெரியப்பா மகனுடையது. அவரை மாமா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். முன்வீட்டை ஒட்டி மூன்றடிச் சந்து. அதில் நடந்து வந்தால்தான் நாங்கள் தெருவைப் பார்க்க முடியும். பின்பக்கம் சாக்கடை வாய்க்கால். நான் கல்யாணமாகி வந்தது அந்தச் சந்தில்தான். பீரோ வந்தது, பிரிட்ஜ் வந்தது, நெஞ்சுச் சளியில் இருமி இருமிப் போன என் கணவரைத் தூக்கிக்கொண்டு போனதும் அதே சந்தில்தான்.

அவர் போய் வருஷம் திரும்புவதற்குள் மாமா வந்து, சந்தை அடைத்து மாடிப்படி கட்டப் போவதாகச் சொன்னார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கென்று இருப்பது அந்த வீடு ஒன்றுதான். அதற்குள் போக வழி இல்லையென்றால் வீடு இருந்து என்ன? கேஸ் போட்டேன்.

மாமா பதில் மனு போட்டார். சந்து அவருடையதாம், தம்பி என்கிற பாசத்தில் நடக்க விட்டாராம். என் கணவரே அதை ஒப்புக்கொண்டு, நீ கட்டுறப்ப சொல்லு, நான் வேற வழி பாத்துக்குறேன் என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாராம். அது வந்த மாமாவின் போன் எங்கே என்றால், வெள்ளத்தில் போய்விட்டது. கடலூரில் காணாமல் போகிற எல்லாமே வெள்ளத்தில்தான் போகும். யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். ஆகவே தம்பி போனைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று அவர் வக்கீல் நோட்டீஸ் கொடுத்தார்.

நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். என் வக்கீலம்மா ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

“உங்க வீட்டுக்காரர் போன் இருக்குல்ல?”

“பீரோல இருக்கும்மா. டிஸ்ப்ளே ஒடைஞ்சிருக்கு.”

“ஒடைஞ்சிருந்தா என்ன. பத்திரமா வைங்க. அடுத்த வாய்தாவுக்குக் கொண்டாரணும்.”

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. என் கணவரை எனக்குத் தெரியும். யாராவது முகம் வாடினால் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுகிற ஆள். அண்ணன் கேட்டிருந்தால் சந்து என்ன, சமையலறையையே கொடுத்திருப்பார். அந்த வாரம் முழுக்க புதுச்சத்திரம் தாண்டி பஸ் வரும்போதெல்லாம் சொல்லியிருப்பாரோ, சொல்லியிருப்பாரோ என்று அதே நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். ஒயரைக் கையால் அழுத்திப் பிடித்தால்தான் ஏறும். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்தது. மாமா பெயருக்கு நேரே என் கணவர் அனுப்பிய குரல் செய்தி. ஒன்பது நொடி. விரலைப் பக்கத்தில் கொண்டுபோனேன், தொடவில்லை. அவர் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு அதுவரை வந்ததில்லை. அதைவிடப் பெரிய பயம், அந்தக் குரல் என்னை வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிடுமோ என்பது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் குட்டியானை லோடு வண்டி வந்தது. பழைய செல்போன், உடைஞ்ச லேப்டாப் எது இருந்தாலும் கொண்டாங்க, பிளாஸ்டிக் சாமான் வாங்கிட்டுப் போங்க என்று ஸ்பீக்கர் கத்தியது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். எழுந்தேன், சந்தைத் தாண்டினேன், கொடுத்தேன், கூடையை வாங்கினேன். அக்காவும் அங்கே நின்று எதையோ கொடுத்து ஒரு தண்ணீர் மக்கு வாங்கிக்கொண்டிருந்தாள். கேஸ் நடப்பதால் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. என் கூடையைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

வண்டி தெரு முனை திரும்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. லேபில் பத்து வருஷத்து ரிப்போர்ட்டைக்கூட வருஷ வாரியாகக் கட்டி வைத்திருப்பவள் நான். துண்டுச் சீட்டைத் தூக்கிப் போட மனசு வராது. அப்பேர்ப்பட்ட கை, கோர்ட் கேட்ட போனைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. கூடையும் கையுமாக ஓடினேன். வண்டி போய்விட்டது.

அடுத்த ஞாயிறு அதே வண்டியை மறித்துக் கேட்டேன்.

“அதெல்லாம் அன்னைக்கே மூட்டை கட்டி ஏத்திவுட்டாச்சுக்கா. எந்த மூட்டையில போய்த் தேடுறது?” என்றார் வண்டிக்காரர். “கூடை ஏதும் ஓட்டையா? மாத்தித் தரட்டா?”

வக்கீலம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“தொலைஞ்சிருந்தா வேற. நீங்களாவே குடுத்துட்டீங்க. கேட்ட பொருளை வேணும்னே இல்லாம பண்ணிட்டா, அதுல உங்களுக்கு எதிராத்தான் இருந்துச்சுன்னு கோர்ட் எடுத்துக்கும். எடுத்துக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு.”

“அவரு பேசுனத நான் கேக்கவே இல்லியேம்மா.”

“அத யாரு நம்புவா?”

குறிஞ்சிப்பாடியிலிருக்கும் என் தம்பி போனிலேயே தீர்ப்புச் சொன்னான். “ஏங்க்கா இப்புடிப் பயப்படுற? தண்ணியில போச்சுன்னு சொல்லு. மாமா சொல்லல? அவுருக்கு ஒரு வெள்ளம்னா நமக்கு ஒரு வெள்ளம்.” கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அந்த யோசனையை விட முடியவில்லை. வெள்ளம் என்று சொல்லலாமா, திருட்டு என்று சொல்லலாமா, நோட்டீஸுக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டேன் என்று சொல்லலாமா. பொய் சொல்லி மாட்டினால் ஜெயில் என்று லேபில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்ததிலிருந்து காக்கிச் சட்டை போட்ட எவரைப் பார்த்தாலும் எனக்குப் பகீரென்றது. பஸ் கண்டக்டரைப் பார்த்துக்கூட.

கடைசியில், போன் கூடைக்குப் போய்விட்டது என்று மட்டும் வக்கீலம்மா கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்; எப்போது என்று எழுதவில்லை. கூண்டில் ஏறியதும் மாமாவின் வக்கீல் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். என்ன வேலை, எத்தனை வருஷமாக, பழைய ரிப்போர்ட்டை எல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பத்திரமாக வைப்பேன் என்று பெருமையாகவே சொல்லித் தொலைத்தேன்.

“ஊரார் ரத்தக் கணக்கை எல்லாம் பத்திரமா வைக்கிறவங்க, புருஷன் போனை மட்டும் பிளாஸ்டிக் கூடைக்கு மாத்திட்டீங்க. எப்ப மாத்துனீங்க? நோட்டீஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

முன்னாடி என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடைசி பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் போனை மாற்றிய ஞாயிறு மாசி மகத்துக்கு மறுநாள். தேவனாம்பட்டினம் கடலுக்குப் போய் வந்த மணல் ஒட்டிய துணியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நாள் தவறாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“பின்னாடிதாங்க,” என்றேன்.

என் வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார். “கேட்டது தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?”

“ஆமாங்கய்யா.”

“அதுல என்ன பேசியிருந்தாரு?”

“நான் கேக்கலைங்கய்யா. பயமா இருந்துச்சு.”

அன்றைக்கு நான் சொன்னதில் இந்த ஒன்றைத்தான் யாரும் நம்பவில்லை. கூண்டுக் கட்டையைப் பிடித்த என் உள்ளங்கை ஈரம் அதில் அச்சாகப் பதிந்திருந்தது. இறங்கும்போது அதைத் துடைத்துவிட்டு இறங்கினேன். அதையும் அழிக்கிறேன் என்று எழுதிக்கொள்வார்களோ என்று ஒரு கணம் பயந்தேன். அப்படி ஒரு பயம்.

தீர்ப்பில் என்னை ஜெயிலுக்கெல்லாம் அனுப்பவில்லை. போனை வாதி வேண்டுமென்றே இல்லாமல் செய்ததால், அதிலிருந்த செய்தி அவருக்கு எதிரானதே என்று அனுமானிக்க வேண்டியிருக்கிறது; அனுமதியின் பேரில் நடந்த வழியில் உரிமை கோர முடியாது; பின்புறமாக வேறு வழி செய்துகொள்ள இடம் இருக்கிறது. வழக்கு தள்ளுபடி. வக்கீலம்மா படித்துச் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்றுதான் புரிந்தது. என் கணவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். சொன்னாரோ இல்லையோ, இனிமேல் சொன்னார்தான். சொல்ல வைத்தவள் நான்.

அப்பீல் போக எனக்குத் தெம்பில்லை. மாமா படிக்கட்டு கட்டினார். நான் பின்சுவரை உடைத்து வாசல் வைத்து, வாய்க்கால் மேல் ஒரு சிமெண்ட் பலகை போட்டுக்கொண்டேன். மழைக்காலத்தில் பலகைக்கு மேல் தண்ணீர் ஓடும். தடவித் தடவிக் கால் வைத்துத்தான் வேலைக்குப் போகிறேன், பாம்பு பயம் வேறு.

போன மாதம் தெருக் குழாயில் எனக்கு முன்னால் அக்கா நின்றாள். வேறு யாரும் இல்லை. குடம் நிரம்பியதும் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“அந்த மெசேஜ நானும் கேட்டேன். ‘நாளைக்கு வர்றேன், பேசிக்கலாம்’னுதான் சொன்னாரு. உங்க மாமா அத ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட்டாரு. நான் சொன்னா கேக்குற ஆளா அவுரு?”

கை நீட்டிக் குழாயை மூடினேன். “வேற ஒண்ணும் சொல்லலியா?”

“இல்ல.” குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நாளைக்கு வர்றேன், பேசிக்கலாம். மூன்று நொடிகூட ஆகவில்லை. ஒன்பதில் மீதி ஆறு நொடி அவர் இருமியிருப்பார்.