காகிதம் மட்டும் சுடும் கூடம்

துப்பாக்கி சுடும் கூடம் நடத்துகிறவன் துப்பாக்கியைத் தொடும் நேரம் குறைவு. சுடுவதற்கில்லாமல் கேள்வியோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் நேரம்தான் அதிகம். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் வழியில், மூடிப்போன முந்திரி ஆலை ஒன்றின் கிட்டங்கியில் இருக்கிறது எங்கள் கூடம். பத்து மீட்டர் தூரம், ஏர் ரைஃபிள், எதிரே காகித இலக்கு. அவ்வளவுதான். வார நாட்களில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிச் சுடலாம். ஞாயிறு மதியத்துக்குமேல் பிள்ளைகளுக்கு வகுப்பு. கராத்தேயோ நீச்சலோ பாட்டோ, பிறர் பிள்ளைகளுக்கு எதையாவது கற்றுக்கொடுத்துப் பிழைக்கும் சகபாடிகளே, துப்பாக்கி என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டுப் படித்தால் இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

பன்னி

தங்கராஜ் கள்ளிக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். பின்னால் அவருடைய மகள் ஷைனி, பிளஸ் ஒன் படிக்கிறவள். அணைக்கட்டுப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் விளைநிலம் உண்டு, முழுக்க மரச்சீனிக் கிழங்கு. கிழங்கு முற்றும் நேரத்தில் காட்டுப்பன்னி குடும்பத்தோடு இறங்கிவிடுகிறது. பஞ்சாயத்து அனுமதித்த துப்பாக்கிக்காரர் வருவதற்குள் பன்னி தின்று முடித்துத் தூங்கப் போயிருக்கும். மகளுக்குக் கண் நல்ல கூர்மை, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் வீட்டோடு காவல் ஆயிற்று என்பது அவருடைய கணக்கு.

காட்டு மிருகத்தைச் சுட அவளுக்கு அனுமதி கிடையாது, இந்தத் துப்பாக்கியால் அது முடியவும் முடியாது என்று விளக்கினேன். உள்ளே தள்ளும் ஈயக்குண்டு உளுந்தைவிடச் சற்றுப் பெரிது. காகிதத்தைத் துளைக்கும், அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. அவர் குண்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். கோபமில்லை, கவலைதான்.

"அப்போ பன்னி வந்தா அதுக்கிட்ட பேப்பரைக் காட்டணுமாக்கும்?"

ஒரே ஓட்டை

தேடி வந்தவர்களைச் சும்மா திருப்பி அனுப்ப மனம் வராது. ஷைனியை மேஜையில் துப்பாக்கியைத் தாங்கிவைத்துச் சுடச் சொன்னேன். அவள் அதற்குமுன் துப்பாக்கியைப் பார்த்தது கோயில் திருவிழாவில் பலூன் சுடும் கடையில். முதல் குண்டு நடுவிலிருந்து விலகி ஓரமாக விழுந்தது. அடுத்ததும் அங்கேயே. அதற்கடுத்ததும். எல்லாம் சேர்ந்து சட்டைப் பொத்தான் அகலத்தில் கிழிந்த ஓட்டை ஒன்று. துப்பாக்கியின் குறிமுள்ளைத் திருகி அதை நடுவுக்குக் கொண்டுவருவது என் வேலை. ஒரே இடத்தில் போடுவதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மாதங்கள் ஆகும். இவள் அதோடு வந்திருந்தாள்.

இவளை விடாதீர்கள் என்றேன். தங்கராஜ் யோசித்து ஒரு வழி சொன்னார். மாநிலப் போட்டி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுத்தருவார். அதில் தேசியப் போட்டிக்குப் போகத் தேவையான புள்ளி வந்தால் அவள் தொடரலாம். வராவிட்டால் அன்றோடு நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை விளையில் காவலுக்கு ஆள் வேண்டும். ஷைனி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். போகும்போது அவர் அந்த இலக்குக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மகளைக் கடிந்துகொண்டார்.

"முதல் வெடியிலேயே ஓட்டை விழுந்துட்டே மக்கா, பிறகும் அதுக்குள்ளயே எதுக்கு இட்டு வேஸ்ட் ஆக்கினே?"

ஜெபம்

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு சுட வேண்டும் என்பதே நாங்கள் முதலில் சொல்லும் பாடம். ஷைனி சுடும்போது திறந்துதான் வைத்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் இரண்டையும் மூடினாள். உதடு அசையும். பிறகு திறப்பாள், சுடுவாள். கண் களைப்பு என்று நினைத்து வெள்ளரிக்காய் வைக்கச் சொன்னேன். வைத்தாள். அது நிற்கவில்லை.

அறுபது குண்டு சுட வேண்டிய ஒத்திகைப் போட்டி ஒன்றில் நேரம் முடிந்து மணியடித்தபோது அவளிடம் கைப்பிடி நிறையக் குண்டு மிச்சமிருந்தது. சுடாத குண்டுக்குப் பூஜ்யம். அப்போதுதான் கேட்டேன். ஜெபம் என்றாள். சபைப் பெண்கள் கூட்டத்தில் அவளுடைய அம்மா இவளுக்காகத் தனியே ஜெபம் ஏறெடுக்கிறார். எதுவும் தொடங்குமுன் கர்த்தரை நினைக்காமல் தொடங்காதே என்றும் சொல்லியிருக்கிறார். இவளுக்கு ஒவ்வொரு குண்டும் ஒரு தொடக்கம். எனக்கு அதில் தப்புச் சொல்லத் தோன்றவில்லை. போட்டி தொடங்குமுன் மொத்தமாக ஒரு தடவை ஜெபித்துக்கொண்டால் போதாதா என்று மட்டும் கேட்டேன். அவள் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது.

"அறுபதுக்கும் சேத்து ஒண்ணா? அது மடியில்லியா சாறே, சோம்பல்?"

மணியனின் சட்டை

பத்து குண்டுக்கு ஒரு ஜெபம் என்று சமாதானமானோம். அடுத்த சிக்கல் சட்டை. நின்றுகொண்டு சுடுகிறவர்கள் முதுகு அசையாமலிருக்கக் கித்தான் போன்ற தடித்த துணியில் சட்டை போடுவார்கள். கடைச் சட்டையின் விலை தங்கராஜுக்கு எட்டாது. எங்கள் கூடத்துக்கு எதிரில் மணியன் கார் சீட்டுக்கு உறை தைக்கிறார். பழைய சட்டை ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தேன். அளவெடுக்கும்போதே அவருக்கு ஷைனியைப் பிடித்துப்போயிற்று. கூலி வேண்டாம் என்றார். தோள் நோகுமே என்று உள்ளே ஒரு மடிப்பு அதிகம் வைத்தார். முதுகிலும் வைத்தார். இதெல்லாம் எனக்குப் போட்டியன்றுதான் தெரிந்தது.

போட்டிக்குமுன் சட்டையைச் சோதிப்பார்கள். எவ்வளவு தடிமன், எவ்வளவு வளைகிறது என்று பார்க்க அவர்களிடம் கருவி உண்டு. மணியனின் சட்டை அந்தக் கருவிக்கு வளைந்து கொடுக்கவில்லை. சோதித்தவர் அதை மேஜைமேல் வைத்தார். அது ஆள் இல்லாமலே உட்கார்ந்திருந்தது. அனுமதி இல்லை என்றார்கள். நான் வெளியே போய் மணியனைப் போனில் அழைத்துக் கத்தினேன். அவர் நான் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிஞ்சு போச்சுன்னா ஏசுங்க சாறே, கேட்டுக்கிடுதேன். உறுதியா இருக்குன்னு ஆராவது ஏசுவினுமா?"

மாநிலப் போட்டி

ஷைனி பள்ளிச் சீருடையோடு சுட நின்றாள். அப்படிச் சுடலாம், விதி தடுக்கவில்லை. யாரும் சுடுவதில்லை, அவ்வளவுதான். தங்கராஜ் வந்திருந்தார். நிறுத்துவதென்றால் மகளைத் தானே கையோடு கூட்டிப்போக வேண்டும் என்று வந்ததாகச் சொன்னார். கடைசி வரிசையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் இருந்தேன்.

முதல் குண்டுகள் அலைந்தன. துப்பாக்கிக் குழல் நடுங்குவது எங்களுக்கே தெரிந்தது. பிறகு அவள் தோளைத் தளர்த்திக்கொண்டு, ஜெபித்து, துப்பாக்கியை எடுத்தாள், இறக்கினாள், மறுபடி எடுத்தாள். திரையில் குண்டு விழுந்த அடையாளங்கள் நடுவை நோக்கி நகர்ந்தன. நடுவில் ஒருமுறை எனக்கு நம்பிக்கை வந்தது. கடைசிக் குண்டும் நன்றாகத்தான் விழுந்தது. தொடக்கத்தில் விட்டதை அதனால் ஈடுகட்ட முடியவில்லை. மொத்தம் தேவையான புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றது.

ஷைனி துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் குண்டு டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். நான் தங்கராஜிடம் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன். சட்டை, வயது, அடுத்த வருஷம். திரும்பிப் பார்த்தால் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கை நெஞ்சில் இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாமென்று கை காட்டிவிட்டு, நிதானப்பட்டு, எழுந்து நின்று சொன்னார்.

"அவ ஒவ்வொரு வெடிக்கும் மூச்சைப் பிடிக்கச்ச நானும் பிடிச்சேன் சாறே, நெஞ்சு நோவுது. அடுத்த மேட்சுக்கு என்னைக் கூப்பிடண்டாம், அவளை மட்டும் கொண்டுட்டுப் போங்க."

பிள்ளைகளுக்கு மூச்சைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதை எப்போது விட வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் எங்கள் கூடத்தில் இன்னும் வகுப்பு இல்லை.