வேலிக்கு அந்தப்பக்கம் வீசிய புழுக்கள்

வாழவந்தி நாடு என்கிற மலையூருக்கு நர்ஸாக மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு எல்லார் மேலும் எரிச்சல். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளைச் சேலத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தக் கோபத்தில் அவள் போனில் ‘உம்’ என்பதற்கு மேல் பேசமாட்டாள். அவளைச் சமாதானப்படுத்த ஒருநாள் வாயைவிட்டுவிட்டேன்: லீவுக்கு நீ வரும்போது அம்மா வளர்த்த பட்டாம்பூச்சிகள் வாசலெல்லாம் பறக்கும் என்று. முதல்முறையாக, ‘நிஜமாவா?’ என்றாள். இனிமேல் பின்வாங்க முடியுமா?

குவார்ட்டர்ஸ் வாசலில் இட்லிப்பூ, செண்டுமல்லி என்று கிடைத்ததையெல்லாம் நட்டேன். பட்டாம்பூச்சிகள் வந்தன, தேன் குடித்தன, போயின. ஒன்றுகூடத் தங்கவில்லை. போதாததற்கு என் கறிவேப்பிலைச் செடியில் புழு. சின்னதில் காக்கா எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தால் பச்சைப்பசேல் என்று கொழுத்துவிடும். தினமும் காலையில் குச்சியால் எடுத்து வேலிக்கு அந்தப்பக்கம் வீசிவிடுவேன்.

அந்தப்பக்கம் மிளகு விவசாயம் செய்யும் ஒரு அக்கா குடியிருந்தார். ஒரு மாதமாக அவர் என்னிடம் கறிவேப்பிலை கேட்டு வந்துகொண்டிருந்தார். அவர் வாசலிலேயே ஆளுயரச் செடி இருந்தது. கொடுத்தேன்தான். மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன்.

லீவுக்குப் பத்து நாள் இருக்கையில் அவருக்குப் பிரஷர் பார்க்கப் போனேன். அவருடைய கறிவேப்பிலைச் செடி மொட்டைக் குச்சியாக நின்றது. குச்சிகளில் ஏழெட்டுக் கூட்டுப்புழுக்கள். மிச்சமிருந்த ஒரு கொத்தில், அன்று காலை நான் வீசிய புழு நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

நான் வீசியதையெல்லாம் அவர் மண்ணிலிருந்து பொறுக்கித் தன் செடியில் விட்டிருக்கிறார். நானோ பட்டாம்பூச்சிக்குப் பூ வைத்துவிட்டு அதன் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். படித்தவள் வேறு! ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். புழுவைக் கண்டால் நான் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சங்கடப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டாராம்.

“பாப்பாகிட்ட நீங்க போன்ல சொன்னது எங்க ஊடு வரைக்கும் கேட்டுச்சுங்க. எல மறுபடி தளுத்துக்கும். புள்ள வந்து ஏமாந்து நிக்கக்கூடாதுங்க.”

எனக்கு யாரையும் லேசில் பிடித்துவிடாது. அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. மறுநாளிலிருந்து என் செடியில் வந்த புழுக்களை, தின்று தொலையுங்கள் என்று விட்டுவிட்டேன்.

மகள் வந்த மூன்றாம் நாள் காலை, அக்காவின் செடியில் ஒரு கூடு வெடித்தது. கசங்கிய கறுப்புத்துணி போல ஒன்று வெளியே வந்து, மெல்ல மெல்ல விரிந்து, வெள்ளைப் புள்ளி வரிசையோடு சிறகானது. மகள் மூச்சுவிடாமல் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“எல்லாமே நீ வளத்ததாம்மா?”

அக்கா கொஞ்சம் தள்ளி மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். ஆனால் திரும்பவில்லை. ஆமாம் என்றால் முடிந்தது. அந்தப் பிடியை இழக்க எனக்கு மனசே இல்லை.

“இல்ல கண்ணு. நான் தூக்கி எறிஞ்சேன். அந்த அத்தைதான் எடுத்து வளத்தாங்க.”

மகள் என் இடுப்பை விட்டுவிட்டு அவரிடம் ஓடினாள். எனக்குக் கோபமே வரவில்லை.