சிதம்பரம் டீமுக்குப் போன ஸ்டாப்பர்

எங்கள் ஸ்டாப்பரைச் சிதம்பரம் டீமுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அங்கிருந்து ஒரு ஃபார்வர்டை வாங்கிக்கொண்டார்கள் என்பதை நான் பேப்பரில்தான் படித்தேன். 2007ஆம் வருஷம், மழை விட்டிருந்த சமயம். மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். காலையில் கடையைத் திறந்து, மெஷின் சூடாகிற நேரத்தில் மாவட்டப் பக்கத்தை விரித்தால் அவர் படம் இருந்தது. கடலூரின் கோட்டைச் சுவரை டீம் நிர்வாகம் விற்றுவிட்டது என்று எழுதியிருந்தார்கள்.

கால்பந்தில் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் நடுவில் நின்று தடுத்தாடுகிறவரைத்தான் ஸ்டாப்பர் என்போம். எங்கள் ஸ்டாப்பர் கடலோரக் கிராமத்துக்காரர், மீன்பிடிக்கிற குடும்பம். ரொம்ப உயரமில்லை. ஆனால் எதிராளி பந்தோடு பாய்ந்து வரும்போது அவர் அவசரப்பட்டுக் காலை நீட்டி நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் இடம் விடுவார். வருகிறவன் அந்தப் பக்கம்தான் போவான். போனால் அங்கே இவர் நிற்பார், பந்து இவர் காலில் இருக்கும். கத்தமாட்டார். ரெஃப்ரியிடம் வாதாடமாட்டார்.

சுனாமிக்குப் பிறகு மாதக்கணக்கில் மைதானத்தில் ஆட்டமே இல்லை. மறுபடி ஆரம்பித்தபோது அவரும் வந்தார், தாடியோடு, பாதி உடம்பாக. அவர் வீட்டிலும் உயிர் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டோம். அந்த ஊரில் யார் வீட்டில்தான் போகவில்லை? யாரென்று நாங்கள் கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறவர்கள் உள்ளே ஆடுகிறவரிடம் கேட்கிற கேள்வி இல்லை அது.

நாங்கள் என்று சொன்னால் முக்கியமாக மூன்று பேர். எல்லோரும் மாமா என்று கூப்பிடும் ஆட்டோக்காரர் ஒருவர், கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்த என் சிநேகிதன், நான். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். நாங்கள் மூவரும் ப்ராக்டிஸைக்கூட விடமாட்டோம்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் டீம் செயலாளரைப் பிடித்துக்கொண்டோம். அவர் சலித்துப்போயிருந்தார்.

"நாங்க எங்கப்பா வித்தோம்? அவனேதான் வந்து கேட்டான். சிதம்பரத்துக்குப் போறேன், வுட்டுடுங்கன்னான். சும்மா வுட முடியுமா? அதான் ஒரு ஃபார்வர்டக் குடுங்கன்னோம்."

"ஏன் போறாரு?"

"சொல்லலப்பா. நானும் நோண்டல."

அடுத்த வாரம் இன்னொரு கட்டுரை வந்தது. இந்த முறை டீமை விட்டுவிட்டு ஸ்டாப்பரைப் பிடித்துக்கொண்டார்கள். வசதிக்காக ஊரைக் கைவிட்டவர் என்றார்கள். அது போதாதென்று, சீசனின் கடைசி ஆட்டத்தில் சிதம்பரத்தோடு நாங்கள் தோற்றதற்கு அவர் மனமில்லாமல் ஆடியதுதான் காரணம், அப்போதே பேச்சு முடிந்திருக்கலாம் என்று ஒரு வரி.

அந்த ஆட்டத்தில் அவர் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். இடைவேளையில் கட்டை அவிழ்த்தபோது வீக்கத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நாங்கள்.

மாமா என் கடைக்கு வந்து பேப்பரை மேஜையில் போட்டார். "எழுதனவன் அன்னிக்கி கிரவுண்டுக்கு வந்தானா மச்சான்? ஒரு நிமிஷம் வந்து நின்னானா? வா, அந்தத் தம்பிகிட்டயே கேட்டு, அவன் வாயால சொல்றத எழுதச் சொல்லுவோம்."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் மாமாவின் ஆட்டோவில் அவர் ஊருக்குப் போனோம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி. அங்கிருந்து கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அந்த வெக்கையிலும் அவர் வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. கதவிடுக்கிலும் ஜன்னல் சந்திலும் பழைய புடவைத் துணியைத் திணித்திருந்தார்கள். அவர் மனைவி வந்தவர்களை நிமிர்ந்து பார்த்து, உட்காரச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டார்.

எங்களை ஸ்டாப்பர் வெளியே கூட்டிக்கொண்டு போனார். தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றோம். மாமா பேப்பரை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"படிச்சேண்ணா."

"அப்புறம் ஏன் சும்மா இருக்க? வா, போய்க் கேப்போம்."

அவர் வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "பாப்பா போனதுலேர்ந்து அவளுக்குத் தூக்கம் இல்லண்ணா. மூணு வயசு. இவ கையிலதான் புடிச்சிருந்தா. அல சத்தம் கேட்டாப் போதும், எழுந்து ஒக்காந்துக்குறா. துணியெல்லாம் வச்சி அடைச்சிப் பாத்துட்டேன். காதுக்குள்ளயே கேக்குதுங்குறா. டாக்டரு எடத்த மாத்திப் பாருன்னாரு. சிதம்பரம் டீம் ஆளுங்க கீரப்பாளையத்துல வீடு பாத்துத் தரோம், ரைஸ் மில்லுல வேலையும் சொல்லி வைக்கிறோம்னாங்க. அங்க சுத்தியும் வயலுதான். கடல் கெடையாது."

டைப்பிஸ்ட் பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"இத யாருகிட்டயும் சொல்லாதீங்கண்ணா. அவளப் பாத்து ஊரு உச்சுக்கொட்டறது அவளுக்குத் தாங்காது. என்னப் பத்தி என்ன வேணா எழுதிட்டுப் போவட்டும்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் பெரிய வாக்குவாதம். நிருபரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றான் டைப்பிஸ்ட். "அந்த மனுஷனத் துரோகிங்கறான். ஒரு வார்த்த சொன்னா எல்லாம் அடங்கிடும். அதச் சொல்லாம இருக்கறது நியாயமா?" மாமா வண்டியை ஓரம் கட்டி, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அவன் சொல்லாதன்னுட்டான். அத வுட ஜாஸ்தியா நியாயம் எங்க இருக்குது?"

ஆனாலும் பேப்பர் அலுவலகத்துக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை. அந்த நிருபர் கெட்டவரில்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"சரி, காசுக்குப் போகல. அப்ப எதுக்குப் போனாரு? அதச் சொல்லுங்க, நாளைக்கே போட்டுடறேன்."

மாமா வாயைத் திறந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வீட்டு விஷயம் சார்," என்றார் கடைசியில்.

"வீட்டு விஷயம்னு மட்டும் மறுப்பு போட முடியுமா? படிக்கறவன் இன்னும் தப்பா நெனப்பான்."

அவர் சொன்னதும் உண்மைதான். மாமாவுக்குச் சொல்ல வழியில்லை. கோபம் மட்டும் இருந்தது. மேஜையைக் கையால் அடித்துவிட்டார். தண்ணீர் டம்ளர் கீழே விழுந்தது. அறையில் இருந்த இன்னொருவர் எழுந்து வந்தார். நாங்கள் மாமாவை இழுத்துக்கொண்டு படியிறங்கினோம்.

அடுத்து வந்த செய்தி எங்களைப் பற்றியது. கேள்வி கேட்டால் மிரட்டுகிறார்கள், வீரரைத் தெய்வமாக்கிவிட்டு உண்மையைப் பார்க்க மறுக்கும் கண்மூடித்தனம் என்று எழுதியிருந்தார்கள். பேர் போடவில்லை. ஆனால் மஞ்சக்குப்பத்தில் யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாதவர்கள் இல்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் மாமாவோடு சிலர் பேச்சை விட்டார்கள். டைப்பிஸ்ட்டை மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டு, கோர்ட் ஊழியர் ரவுடித்தனத்துக்குப் போகலாமா, என்ன நடந்தது என்று விசாரித்தார். காரணத்தைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லிவிடலாம் என்று வாதாடினவன் அவன்தான். "ஒரு வார்த்தகூட வரல மச்சான்," என்றான் என்னிடம். எழுத்துமூலமாக எச்சரிக்கை கொடுத்து அனுப்பினார்கள்.

மறுவருஷம் சிதம்பரம் டீம் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. அவர் வேறு கலர் பனியனில் இறங்கியதும் கூட்டம் ஊளையிட்டது. "எவ்ளோடா வாங்கன?" என்று கத்தினார்கள். தண்ணீர்ப் பாக்கெட் ஒன்று அவர் தோளில் பட்டு வெடித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. மாமா எழுந்தார். எதுவும் சொல்லாமல் மைதானத்தைச் சுற்றி நடந்துபோய், சிதம்பரத்திலிருந்து வேனில் வந்திருந்த சிலரோடு உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். எங்களுக்கும் ஊளை கிடைத்தது.

அப்படியொரு ஆட்டத்தை அதற்குப் பிறகு அவரும் ஆடவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் டீமுக்கு வந்திருந்த ஃபார்வர்ட் நல்ல ஆட்டக்காரன். ஆனால் அன்று முழுக்க அவனால் இவரைத் தாண்ட முடியவில்லை. ஒரே கோலில் சிதம்பரம் ஜெயித்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர் தோற்றதற்குக் கைதட்டியது அந்த ஒரு நாள்தான். முடிந்ததும் அவர் எங்களிடம் வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்கு ஒரு நாளு வாங்கண்ணா. அவ இப்பத் தூங்குறா."

ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் மாறி, கீரப்பாளையம் போனோம். வீட்டுக்குப் பின்னால் உடனே வயல் ஆரம்பித்துவிட்டது. நடவு முடிந்து தண்ணீர் கட்டியிருந்தார்கள். ஜன்னல்கள் திறந்திருந்தன. அவர் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் எங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பேப்பர்ல வந்ததெல்லாம் நானும் படிச்சேண்ணா," என்றார். "இவுருக்குத் தெரியாம படிச்சேன். உங்களுக்கு வந்த பேச்சும் தெரியும். ஏன் சொல்லாம இருந்தீங்க?"

மாமா ஸ்டாப்பரைப் பார்த்தார். அவர் வாசற்படியில் நின்றிருந்தார்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதாம்மா," என்றார் மாமா.

"எங்கிட்ட யாரும் கேக்கலியே." குரல் உயரவில்லை. "அன்னிலேர்ந்து எங்க ஊருல யாரும் எங்கிட்ட அவளப் பத்திப் பேசறதில்ல. பாவம், நெனப்பு வந்துடும்னு பேசமாட்டாங்க. இவுரும் பேசமாட்டாரு. நெனப்பு எங்கண்ணா போச்சி, வர்றதுக்கு? பேப்பர்ல வந்திருந்தா நாலு பேரு அவ பேரப் படிச்சிருப்பாங்க. அவ ஒருத்தி இருந்தான்னு தெரிஞ்சிருக்கும்."

டைப்பிஸ்ட் டீ டம்ளரைக் கீழே வைத்தான். அவன்தான் கேட்டான்: "பாப்பா பேரு என்னம்மா?"

அவர் சொன்னார். மாமா அந்தப் பேரை ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் கலங்கியது. ஆனால் அழவில்லை, பேச ஆரம்பித்தார். ஆட்டக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் இவரை மச்சான் மச்சான் என்று கூப்பிடுவார்களாம். அதைக் கேட்டுக் கேட்டு அந்தக் குழந்தையும் அப்பாவை மச்சான் என்றுதான் கூப்பிடுமாம். எவ்வளவு அதட்டியும் மாறவில்லையாம். கருவாடு காயவைத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து காக்காயோடு சண்டை போடுமாம். இடது கையால்தான் சாப்பிடுமாம்.

"சோத்துக் கைய மாத்தறதுக்கு நான் அவ்ளோ அடிச்சிருக்கேன்," என்றார்.

"அடிச்சதெல்லாம் இல்ல," என்றார் வாசற்படியில் நின்றவர். "ஒரு தடவ கைல தட்டுன. அவ்ளோதான். அதுக்கே நாளெல்லாம் உங்கிட்டப் பேசாம இருந்தா."

"உங்ககிட்டப் பேசுனாளா?"

"எங்கிட்டப் பேசுனா. கிரவுண்டுக்குத் தூக்கினு போகச் சொன்னா."

"அது எனக்குத் தெரியாதே," என்று அவர் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் உள்ளே வந்து மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அன்று மைதானத்தில் அந்தக் குழந்தை என்னவெல்லாம் செய்தது என்று சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் எங்களைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். மாமா எங்களுக்குச் சைகை காட்டினார். மூவரும் மெல்ல எழுந்து வெளியே வந்து, வயல் வரப்போரம் நின்றோம்.