சேர்மாதேவியில் ஊதாத சங்கு

அண்ணாச்சியின் மொபெட் மட்கார்டில்தான் அந்த ஸ்டிக்கரை முதலில் பார்த்தேன். நீல வட்டம், நடுவே வெள்ளைக் கோபுரம், அதிலிருந்து கிளம்பும் மூன்று அலைகள். சேரன்மகாதேவி வெயிலில் மீன் செதிலாக மின்னியது. எனக்கு வந்திருக்க வேண்டியது.

தொண்ணூறுகளில் நாங்கள் சிலர் அப்படியொரு பைத்தியத்தில் இருந்தோம். வெளிநாட்டு வானொலிகளின் தமிழ் ஒலிபரப்பைச் சிற்றலையில் கேட்டு, எவ்வளவு தெளிவு, எங்கே இரைச்சல் என்று எழுதி அனுப்பினால் பதிலுக்கு ஸ்டிக்கர் வரும். சைக்கிளில், டிரங்குப் பெட்டியில், அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்வோம். அண்ணாச்சி எங்கள் நேயர் மன்றத் தலைவர், சேரன்மகாதேவிக்காரர்; எங்கள் பேச்சில் சேர்மாதேவி. ஏழெட்டுப் பேரின் அறிக்கைகளையும் அவரே வாங்கி, மன்ற முத்திரை குத்தி, ஒரே உறையில் அனுப்புவது வழக்கம். எங்கள் காதுகளையே கழற்றி அவர் கையில் கொடுத்திருந்தோம்.

ஒரு நிலையம் போட்டி வைத்தது. முப்பது நாள் விடாமல் கேட்டு எழுத வேண்டும். சிறந்த அறிக்கைக்குச் சிறப்பு ஸ்டிக்கர், ஒலிபரப்பில் பெயர். எனக்கு அந்தப் பெயர்தான் வேண்டியிருந்தது. பட்டம் வாங்கி இரண்டு வருடமாக விக்கிரமசிங்கபுரத்தில் வேலையில்லாமல் கிடந்தேன். அந்த ஊர்ப் பஞ்சாலையில் நின்று நின்று என்னைப் படிக்க வைத்த அப்பா, ஒரே ஒரு முறை என் பெயரை யாரோ மரியாதையாகச் சொல்லக் கேட்க வேண்டும். முப்பது மாலையும் வானொலிப் பெட்டியை விட்டு நகரவில்லை. அத்தை மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

முடிவு சொல்லும் நாளில் அப்பாவுக்குக் காலை ஷிப்ட். குளித்து, வேட்டி மாற்றி, வானொலி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அறிவிப்பாளர் அண்ணாச்சி பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், அறிக்கையிலிருந்து ஒரு வரியும் வாசித்தார்: “ஆறேகால் மணிக்கு மில் சங்கு ஊதியதால் இரண்டு நிமிடம் செய்தி காதில் விழவில்லை. விழாததை விழுந்ததாக எழுத மனம் வரவில்லை.”

நான் எழுதிய வரி.

அப்பா நிமிர்ந்தார். “ஏலே, சேர்மாதேவியில ஏதுலே மில்லு? அது நம்ம சங்குல்லா!”

மறுநாள் பஸ் ஏறினேன். பரிசு முன்கூட்டியே தபாலில் வந்து, மொபெட்டில் ஏறியும் விட்டிருந்தது. அண்ணாச்சி பதறவில்லை. மோர் கொண்டுவரச் சொன்னார். “உம்ம எழுத்தப் பாரும் வே, கோழி கிண்டுன மாதிரி. நாந்தான் பைய உக்காந்து முப்பது நாளையும் திருத்தமா எழுதுனேன். யாரு பேரா இருந்தா என்ன, மன்றத்துக்குத்தான?”

“அந்தச் சங்கு வரியையாவது எழுதாம விட்டிருக்கலாமே அண்ணாச்சி.”

சிரித்தார். “அந்த வரிக்குத்தான் வே பரிசே!”

பிறகு மேசையிலிருந்து இன்னொரு ஸ்டிக்கரை எடுத்தார். “ரெண்டு வந்துச்சு. வச்சுக்கிடும். பேரு மாறிப்போச்சு, அண்ணாச்சி எழுதிக் கேட்டு வாங்கித் தந்தாருன்னு அப்பாட்ட சொல்லும். யாரு கேட்டாலும் நானும் அப்படியே சொல்லுதேன்.”

அதைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். வரும் வழியெல்லாம், ஜன்னலுக்கு வெளியே வயல் ஓட ஓட, மனசுக்குள் எறிந்துகொண்டேதான் வந்தேன். கை மட்டும் சட்டைப் பையை அழுத்திப் பிடித்திருந்தது, கசங்கிவிடாமல்.

வீட்டில் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் சைக்கிள் மட்கார்டைத் துடைத்து, நகத்தால் நீவி நீவி ஒட்டினார். மில் வாசலில் “எம் மவனுக்கு வெளிநாட்டுல இருந்து வந்தது” என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினாராம்.

அண்ணாச்சி வாய் திறந்தால் அப்பாவின் அந்தப் பெருமை போய்விடும். அதனால் அடுத்த மாதமும் அறிக்கையை அவரிடமே கொடுத்தேன். அதற்கடுத்த மாதமும். என் வாக்கியங்கள் அவர் பெயரில் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தன. வேலை கிடைத்து ஊரை விட்ட பிறகே நிறுத்தினேன்.

இப்போது அந்த அலைவரிசையில் வெறும் இரைச்சல். கோபம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அண்ணாச்சி மேல் பாதி, என் மேல் பாதி. அப்பா கடைசி வரை அண்ணாச்சியை விசாரித்துக்கொண்டே இருந்தார். “தப்பத் திருத்திக் குடுத்தாரே, நல்ல மனுசன்லே.” ஒவ்வொரு முறையும் “ஆமாப்பா” என்றேன். உண்மையைச் சொல்ல இன்று எனக்கு எந்தத் தடையும் இல்லை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.