காஜா மூலையின் நஷ்டம்

பனியன் கம்பெனிகள் தைத்து அனுப்பும் காலர் டீ-சர்ட்டுகளுக்குப் பொத்தான் துளை போட்டு, பொத்தான் வைத்து, அயர்ன் பண்ணி, மடித்துப் பெட்டியில் அடைத்துக் கொடுப்பது என் தொழில். பொத்தான் வேலைக்கு மட்டும் காஜா என்று பெயர். வாடகைக்கு எடுத்த தகரச் செட்டின் ஒரு மூலையில் இரண்டு மெஷின்கள், இரண்டு பெண்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் மூத்தவர், மற்றவர் அவருடைய நாத்தனார்.

போன ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, ஆடிட்டர் பிரிவுவாரியாகக் கணக்குப் போட்டு ஒரு தாள் அனுப்பினார். காஜா மாதம் பதினெட்டாயிரம் நஷ்டம் என்றது தாள். நான் பி.காம். படித்தவன். போதாததற்கு நாவல்களும் நிறையப் படித்தவன். இரண்டும் சேர்ந்து, ஒரு கெட்ட செய்தியைக் கேட்டதும் அதன் கடைசி அத்தியாயம் வரை நானே எழுதி முடித்துவிடும் பழக்கத்தைத்தான் எனக்குக் கொடுத்திருக்கின்றன. அன்று மதியத்துக்குள் செட்டைக் காலி செய்து, மனையை விற்று, மச்சான் கம்பெனியில் கேட் பாஸ் எழுதிக்கொண்டிருந்தேன், மனத்துக்குள்.

மெஷினை நிறுத்துவதற்கு முன் வாயை நிறுத்தியிருக்க வேண்டும். சாயங்காலம் பேக்கரியில், எனக்கு அதிக வேலை கொடுக்கும் பார்ட்டியிடம், "காஜாவை எடுத்துடலாம்னு இருக்கேனுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பஜ்ஜியைப் பிட்டபடி, "எடுங்க. ஆனா பட்டனுக்கு ஒரு எடம், அயர்னுக்கு ஒரு எடம்னு வண்டி ஓட்ட நமக்கு ஆவாதுங்க. ரெண்டையும் ஒரே எடத்துல போட்டுக்கறோம்" என்றார். அவர் கோபமாகவே சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை, சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த என்னிடமிருந்து மனைவி தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, காஜாவை எடுத்துட்டா செட்டுக்காரரு வாடகைய கொறச்சுக்குவாருங்களா?"

"மாட்டாரு."

"வாட்ச்மேன் அந்த மூலைய மட்டும் பாக்காம உட்டுட்டு, சம்பளத்துல கழிச்சுக்குவாருங்களா?"

"இல்ல."

"நிர்வாகச் செலவுன்னு போட்டிருக்குதே, அது என்னுங்க?"

அது என் கார் பெட்ரோலும் என் டீயும். அவற்றிலும் கால்வாசியைக் காஜாவின் தலையில் கட்டியிருந்தார் ஆடிட்டர். பட்டன் மெஷின் ஒருநாளும் டீ கேட்டதில்லை.

மனைவி பேனாவை எடுத்தார். காஜாவில் மாதம் வருவது அறுபத்திரண்டாயிரம். நிறுத்தினால் உண்மையில் மிச்சமாவது இரண்டு பேர் கூலி, நூல், ஊசி, கொஞ்சம் கரண்ட், எல்லாம் நாற்பத்தெட்டாயிரம். தாள் காஜாவின் பேரில் எழுதிய எண்பதாயிரம் செலவில் மற்ற முப்பத்திரண்டாயிரம், மூலை காலியாக இருந்தாலும் நான் கட்டியே ஆக வேண்டியது. ஆக, நஷ்டத்தை நிறுத்துகிறேன் என்று நான் நிறுத்தப்போனது மாதம் பதினாலாயிரம் வரவை. கூடவே அந்தப் பார்ட்டியின் அயர்ன் வேலையும் போயிருக்கும். இதைத்தான் கல்லூரியில் மூன்று மதிப்பெண் கேள்வியாக எழுதினேன். மூன்றுக்கு மூன்று வாங்கியதாகவும் நினைவு.

நிறுத்துவதில்லை என்று முடிவாயிற்று. பார்ட்டிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டிய முதல் ஆளை மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கு ஓட வேண்டிய காஜா மெஷின் ஓடவில்லை. ஒன்பதாயிற்று. வெளியே பார்ட்டியின் வண்டியிலிருந்து பீஸ்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதேகாலுக்கு மூத்தவர் வந்தார், டிபன் பை இல்லாமல். நாத்தனார் பின்னால் கேட்டருகிலேயே நின்றுவிட்டார்.

"காஜாவ நிப்பாட்டப் போறியளாமே அண்ணாச்சி."

"யாரு சொன்னாங்க?"

"பேக்கரில டீ போடுதவரு வீடு எங்க வீட்டு லைன்லதான இருக்கு."

"நிறுத்தலீங்க. கணக்குல ஒரு தப்பு."

"யாரு கணக்குல?"

"என்னோடதுலதானுங்க."

அவர் சிரிக்கவில்லை. "பக்கத்துக் கம்பெனில எங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லிட்டாவ. சிப்டுக்கு அம்பது ரூவா கூட. இன்னைக்கே உக்காரச் சொல்லுதாவ."

மனத்துக்குள் பெருக்கினேன். இரண்டு பேர், இருபத்தாறு நாள், இரண்டாயிரத்து அறுநூறு. பதினாலாயிரத்தில் அது போனாலும் மிச்சம் இருந்தது. இந்த முறை கணக்குச் சரியாக வந்தது.

"அந்த அம்பத நான் தர்றேனுங்க."

அவர் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். என்னவோ பேசாமலே பேசிக்கொண்டார்கள்.

"இனி கணக்கு மாறிச்சுன்னா எங்ககிட்ட மொதல்ல சொல்லுங்க அண்ணாச்சி. பேக்கரிக்கு பெறவு சொல்லலாம்."

"சரிங்க."

"தீவாளி வரைக்கும் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார்.

தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு கம்பெனி மாறுவது இந்த ஊரில் எல்லோரும் அறிந்த வழக்கம். பண்டிகைக்குத் தூத்துக்குடிக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் திரும்பி எந்த கேட்டுக்குள் நுழைவார்கள் என்பதை எந்த ஆடிட்டரும் தாளில் போட்டுக் கொடுக்க மாட்டார். நான் அலுவலக அறைக்குள் போய், தீபாவளிக்கு எத்தனை வாரம் என்று எண்ண காலண்டரைக் கையில் எடுக்காமல் இருக்கப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட முடியவில்லை.