வெளியில் கேட்கும்

எண்பதுகளின் நடுவில், ஓகூஸ் நகரத் துறைமுகக் களஞ்சியம் ஒன்றில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய டென்மார்க்காரர் அவர். நெட்டை ஆள், செம்பட்டை மீசை. உள்ளே வந்ததும் நீலத் தொப்பியைக் கழற்றிச் சுவரில் தனக்கென்று இருந்த ஆணியில்தான் மாட்டுவார்.

மதியம் வானொலியில் செய்தி தொடங்கினால் மனிதர் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். "ஆஸ்பத்திரிக்குக் காசில்லையாம். போர் விமானம் வாங்க மட்டும் எங்கயிருந்து வந்தது?" என்று கோப்பிக் குடுவையின் மூடியால் மேசையில் தட்டுவார்.

முதல்நாள் நான் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினேன். யாழ்ப்பாணத்தில் அரசாங்கத்தைப் பற்றிய கதை வந்தால் எங்களில் யாராவது ஒருவர் அதைத்தான் செய்வார்.

"ஏன் சாத்துறாய்?"

"வெளியில கேக்கும்."

"கேக்கவேணும் எண்டுதானே கதைக்கிறன்!" என்று எழும்பிக் கதவை அகலத் திறந்துவைத்தார்.

பிறகு ஒருநாள் ஆளுங்கட்சி எம்பி ஒருவர் களஞ்சியம் பார்க்க வந்து, எங்கள் மேசையில் கோப்பி குடித்தார். இவர் தன் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடப்போவதைப் பற்றி, வானொலியோடு கதைக்கும் அதே குரலில், எம்பியின் முகத்துக்கு நேரே கேட்டார். எம்பி தலையாட்டினார், நன்றி சொன்னார், போய்விட்டார்.

மறுநாள் வேலைக்கு வந்ததும் நான் முதலில் அந்த ஆணியைத்தான் பார்த்தேன். தொப்பி தொங்கியது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவரை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. வார்டைத்தான் மூடினார்கள். அந்தச் செய்தியையும் அவர் அதே மேசையில் இருந்துதான் கேட்டார். கேட்டு முடிந்ததும் எழும்பிப்போய்த் தானே கதவைச் சாத்தினார்.

ஏன் சாத்தினார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வெளியில் கேட்பதற்கு அன்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.